ஐந்துக்கு மேல் கொசுறு

தறிச்சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த செல்லூரின் செல்வரே, எங்கள் கபடிக் கழகத்தின் தலைவரே, பேசுவோர் நீட்டினால் அடிப்பதற்குக் கையில் மணியோடு காத்திருக்கும் துளசிராம் அவர்களே! அந்த மணியைச் சற்றே கீழே வையுங்கள். முழங்கால் தேய்ந்தும் முனைப்புத் தேயாத மூத்த ஆட்டக்காரர்களே! பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுக் கருப்பனுக்கு வேண்டிக்கொள்ளும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

மாவட்ட அணிக்கு உடற்திறன் பயிற்சியாளன் ஆனேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்திய என் மாமன் மொக்கையன் காதோரம் என்ன சொன்னார் தெரியுமா? "மாப்ள, ரெண்டா வாங்கியிருக்கணும்டா. ஒண்ணு சுத்தளவுக்குப் பத்தல." யாரது பின்னால் சிரிப்பது? சிரியுங்கள்! ஊரார் உடம்பை வளர்க்கப் போனவன், முதலில் என் வயிற்றில் ஒத்திகை பார்த்தேன்.

நான் யார்? பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். விசில் ஊதத் தெரியும். வெயிலில் நிறுத்தத் தெரியும். எண்பத்தொன்றில், நாற்பது வயதில், சென்னைக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் மனைவி ஜெயக்கொடி சொன்ன விளக்கம்: "கோச்சாம்ல! ரயில் பெட்டி கணக்கா ஆளு, பொருத்தமாத்தேன் இருக்கு."

படிப்பின் கடைசிப் படி இது: ஊருக்குத் திரும்பி ஒருவரைப் பன்னிரண்டு வாரம் பயிற்றுவிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்து, சுண்ணாம்புக்கட்டி தடவிய விரலால் அவர் சுவரைத் தொடும் உயரம் கூட வேண்டும். கூடினால் சான்றிதழ், கூடாவிட்டால் பழையபடி விசில். நான் தேர்ந்தெடுத்தது நம் பெண்கள் அணியின் அன்னக்கொடியை. எதிரணிக்குள் பாடிப் போனால் நான்கு பேரை இழுத்துக்கொண்டு திரும்புகிற புயல்!

தோளில் எடையோடு ஐந்து முறை உட்கார்ந்து எழு, பிறகு இளைப்பாறு என்றது புத்தகம். ஐயா, நாம் யார்? மதுரைக்காரர்! கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்போம். பூ வாங்கினால் மேலே ஒரு சாண் கேட்போம். கொசுறு இல்லாத கொள்முதல் உண்டா? ஐந்து முடிந்ததும் குரல் கொடுப்பேன்: "கொசுறு ரெண்டு, தாயி!" ஓட்டத்துக்குக் கொசுறு. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையும் கொசுறு.

ஒன்பதாவது வாரம் அளந்தேன். முதல் நாள் அவர் விரல் போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே! சுவர் வளர்ந்துவிட்டதோ என்று சுற்றிப் பார்த்தேன்.

"ஒழுங்காச் சாப்பிடுறியா, தாயி?"

"அதெல்லாம் சாப்பிட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன். படி ஏறுனாலே தொடை கடுக்குது. அண்ணே, ஒண்ணு கேக்கவா? கொசுறுங்கிறது வாங்குறவுக கேக்குறதா, விக்கிறவுக திணிக்கிறதா?"

கழுத்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டேன். விசில் என் கழுத்தை விட்டு இறங்கியது, சபையோரே, அந்த ஒரு நாள்தான்!

"சரி, ஒனக்கு என்னதேன் வேணும்?"

"நாலு நாளு என்னைய சும்மா விடுங்க. எனக்கு அம்புட்டுக் கொசுறு போதும்."

விட்டேன். அதன்பிறகு எண்ணிக்கையைக் குறைத்தேன், இளைப்பாறலைக் கூட்டினேன். தேர்வு நாளில் அன்னக்கொடி எம்பியபோது விரல் பட்ட இடம், பழைய கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே!

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். "கடைசி மூன்று வாரம் புத்தகத்தைவிடக் கூடுதல் ஓய்வு கொடுத்திருக்கிறீர்களே, அருமை! யாருடைய யோசனை?"

அன்னக்கொடி என் பக்கத்திலேதான் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்: "என்னுடையதுதான் ஐயா."

அன்னக்கொடி என்னை ஒரு பார்வை பார்த்தார். வெளியே வந்து, "நல்லா இருங்கண்ணே, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். வாழ்த்தினார், வலித்தது! மூன்று ஆண்டுகளாக வலிக்கிறது.

துளசிராம் அவர்களே, மணியை எடுக்காதீர்கள், முடிக்கிறேன். என்னைப் பயிற்சியாளன் ஆக்கியது எது? புத்தகமா? பொன்னாடையா? "வலிக்கிறது, போதும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன வாயல்லவா! அந்த வாய்க்கு நன்றி. அந்த வலிக்கு நன்றி. தாய்மார்கள் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே, அந்த அன்னக்கொடிக்கு நன்றி!

நாளை மறுநாள் அவர் அதே பயிற்சியாளர் படிப்புக்கு ரயில் ஏறுகிறார். தங்கச்சி, அங்கே அதே தேர்வாளர்தான் இருக்கிறார். உன் குறிப்பேட்டில் இந்த ஓய்வு முறையைப் பார்த்தால், யாருடைய யோசனை என்று கட்டாயம் கேட்பார். நிமிர்ந்து நின்று, "என்னுடையது" என்று சொல்லம்மா. இந்தமுறை அது உண்மையாக இருக்கும்.

கைதட்டலை அவருக்குக் கொடுங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் கும்பிடு.