வழுக்காத ஜோடி

சயானில் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தாராவித் தச்சர்கள் நின்றார்கள். நுனி வளைந்த பனிச்சறுக்குக் கட்டைகள், இரண்டு ஜோடி, அவர்கள் தோளில் இருந்தன. செம்பூர் ஸ்டுடியோவில் தேங்காநார்ப் பாய் விரித்துப் பனியில்லாத சரிவு ஒன்று கட்டியிருக்கிறார்களாம். காஷ்மீர் படப்பிடிப்புக்கு முன்னால் ஹீரோ அதில் பழக வேண்டும்.

"வழுக்காத ஜோடியத்தான் குடுக்கணும், அண்ணாச்சி" என்றார் குட்டையானவர்.

"சறுக்குக் கட்டை வழுக்கலன்னா என்னத்துக்குல?" என்றார் மீசைக்காரர்.

"நேத்து வழுக்கித்தானே ஹீரோ புரொடியூசர் மடியில போயி விழுந்தாரு? அதான் இதுக்கு அடியில ரப்பர் ஒட்டிட்டேன். அசையவே அசையாது."

"பொறவு எப்பிடிக் கீழ வருவாரு?"

"அவரு சும்மா நிக்கட்டும். நாம பாயப் புடிச்சுக் கீழ இழுப்போம். பாயோட வந்துருவாரு."

"சரிதாம்ல. காஷ்மீர்ல என்ன செய்வாரு? அங்க பாய் ஏது?"

"நாமதான் கொண்டுபோவணும். வழுக்குற கட்டையக் குடுத்தா அவரு மட்டும் காஷ்மீர் போவாரு. இதக் குடுத்தா, பாய் இழுக்க நாமளும் போவோம்லா?"

மீசைக்காரர் தோளிலிருந்த வழுக்கும் ஜோடியை இறக்கி, பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்த்தார். பஸ் வந்ததும் ரப்பர் ஒட்டிய ஜோடியோடு ஏறினார்கள். மற்ற ஜோடி கம்பத்தில் சாய்ந்தபடி அங்கேயே நின்றது.