தம்பியா சொல்லாத, வீரனா சொல்லு

மின்சார வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, நம் ஆட்டக்குழு விழா மேடைக்கு விளக்கும் போட்டுத் தலைமையும் ஏற்றிருக்கும் எங்கள் ஆட்டத்தலைவர் அவர்களே! பகடைச் சத்தத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்த பெரியோர்களே! "சாப்பாடு ஆறுதுடா" என்று கத்திக் கத்தியே தொண்டை வற்றிய தாய்மார்களே! முன்வரிசை மந்திரவாதிகளே, பின்வரிசையில் பிஸ்கட் தின்னும் பூதங்களே! வணக்கம்.

"புனித வீரனை ஆடுவது எப்படி?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. சுலபம் ஐயா! மேஜையைச் சுற்றி உட்காருகிறோம், தலைவர் கதையை நடத்துகிறார், ஆளுக்கொரு வேடம், செய்வதை வாயால் சொல்கிறோம், பலித்ததா என்பதைப் பகடை சொல்கிறது. என் வேடம் வாய்மை வழுவாத வீரன். அவன் கை வைத்தால் காயம் ஆறும். பொய் சொன்னால் அந்தக் கையின் ஒளி அணைந்துவிடும். பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு வாரம் ஒருமுறை அப்படியொரு வாழ்வு!

என் அக்கா தையல்காரி. மேஜையில் அவள் திருடி. கோட்டைக் காவலனிடம் நான் உண்மையை உளறி, எல்லோரையும் சிறையில் தள்ளுவேன். "ஏண்டா உத்தமா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?" என்பாள். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் சிரித்தவள்தான்.

அந்த அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தாள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கையை விரித்துவிட்டார். உள்ளே போனேன். "சரியாயிடும்" என்றாள் அம்மா. "சரியாயிடும்" என்றார் மாமா. அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"தம்பியா சொல்லாத, வீரனா சொல்லு. பொழைப்பேனா?"

என்ன சொல்வேன் நான்? சபையோரே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இல்லக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். "ஒளி அணையலல்ல? அப்ப கையை வை" என்றாள். நெற்றியில் வைத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து எங்கள் இருபது முகப் பகடையை எடுத்து மருந்துத் தட்டில் உருட்டினாள்.

இருபது! இருப்பதிலேயே பெரிய எண்! என் கைக்கு ஒருநாளும் விழாத இருபது! எழுந்தாளா? எழவில்லையே! வாய்மையைக் காத்தேனே, வாய்மை அவளைக் காத்ததா? கை வைத்தேனே, அந்தக் கை கைகொடுத்ததா?

"நல்லாத்தான்டா விழுந்திருக்கு" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். அந்த வாரமே போய்விட்டாள்.

"மறுபடியும் வீரனா வாப்பா" என்கிறார் தலைவர். மாட்டேன் ஐயா. என்னிடம் தெம்பில்லை. அவள் நாற்காலியில், அவள் வேடத்தில், திருடியாக உட்காருகிறேன். இனி யாராவது "பொழைப்பேனா" என்று கேட்டால், கூசாமல் பொய் சொல்ல எனக்கு ஒரு வேடம் வேண்டும்.

விழா நாளில் கண்கலங்க வைத்தேன், பொறுத்துக்கொண்டீர்கள். நன்றி. திருடியின் தம்பி வணங்கி விடைபெறுகிறேன்.