வலிக்கு எத்தனை மார்க்கு?

எழிலரசி: பூஜ்யம்மா. பூஜ்யம்னே போட்டுக்கோ.

பிரிசில்லா: அக்கா, நான் இன்னும் கேள்வியே கேக்கல!

எழிலரசி: இன்னா கேக்கப் போற? முட்டி வலிக்குப் பத்துக்கு எத்தினி மார்க்குன்னு கேப்ப. போன தடவையும் பூஜ்யம்தான். எழுதிக்கோ.

மதியழகன்: க்கும்...

எழிலரசி: இன்னா இருமலு? உங்களுத சொல்லியாச்சுல்ல? கம்முனு உக்காருங்க.

பிரிசில்லா: அண்ணன் ஏழுன்னு சொன்னாரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆராய்ச்சில சேந்தீங்க, ஒரே நாள்ல ஊசி. அவருக்கு ஏழு, உங்களுக்கு பூஜ்யமா?

எழிலரசி: அவுருதான் பாவம். வீட்டுல நொண்டிக்கினே இருக்காரு.

பிரிசில்லா: சரி... நீங்க படி ஏறுறீங்களா?

எழிலரசி: ஓடுறேன்.

மதியழகன்: ஓடுறா சிஸ்டர்... கைப்பிடிய புடிச்சி, நாலு படிக்கு ஒருவாட்டி உக்காந்து.

எழிலரசி: ஏங்க!

மதியழகன்: தைலம் தேச்சிக்குவா. வாசனை வருதேன்னு கேட்டா, கொசுவுக்குன்றா.

பிரிசில்லா: அக்கா, என்னைப் பாருங்க. நெஜமா எத்தினி? வலிக்குதா?

எழிலரசி: எப்டிம்மா சொல்றது? ஆம்பூர் தோல் கம்பெனி ஈரத்துல நின்னு நின்னு வெடிச்ச காலு இது. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்குவா. அவ்ளோ பெரிய டாக்டரு, தரையில மண்டி போட்டு, கையால புடிச்சி, வலிக்குதாம்மான்னு கேட்டாரு. எங்கம்மாவுக்கு அப்புறம் இந்தக் கால யாரு தொட்டா? நீ டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்ட. இவ்ளோ செஞ்சவங்ககிட்ட, இன்னும் வலிக்குதுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்வேன்?

பிரிசில்லா: அதுக்குன்னு பொய்யா?

எழிலரசி: பொய்யில்லம்மா... மரியாதை.

பிரிசில்லா: ஐயோ அக்கா! கேளுங்க. ஊசி முனையில சூடு ஏத்தி, முட்டி வலிய மூளைக்குச் சொல்ற நரம்பைச் சுடுறதுதான் இந்த வைத்தியம். அது வேலை செய்யுதான்னு பாக்கத்தான் ஆராய்ச்சியே. பாதி பேருக்கு சூடு, பாதி பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.

எழிலரசி: அன்னிக்கே சொன்னீங்களே. நாங்க ஒத்துக்கினுதான கையெழுத்து போட்டோம்.

பிரிசில்லா: உங்களுக்கு வெறும் ஊசி போட்டிருந்து, நீங்க பூஜ்யம்னு சொன்னா? சூடே தேவையில்லன்னு ஆயிடும். நாளைக்கு உங்கள மாதிரி நின்னு வேலை பாக்குறவங்களுக்கு இந்த வைத்தியம் கிடைக்குமா?

எழிலரசி: அடக் கடவுளே... நான் அத யோசிக்கலியே.

பிரிசில்லா: அதோட, இன்னிக்குதான் கடைசி கேள்வி. அன்னிக்கே சொன்ன மாதிரி, இன்னும் வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு சூடு ஊசி போடுவாங்க. பூஜ்யம்னா இன்னியோட சரி, உங்கள கூப்பிட மாட்டாங்க.

மதியழகன்: சிஸ்டர்... நான் ஏழு சொன்னேனே, எனக்கு அந்த ஊசி எப்போ?

பிரிசில்லா: அடுத்த வாரம் கூப்பிடுவோம்ணா.

மதியழகன்: அன்னிக்கு எனக்கு பதிலா வேற ஆளு வரலாமா? கம்பெனில ஷிப்ட் மாத்திக்கிறோம்ல, அந்த மாதிரி...

பிரிசில்லா: உங்க முட்டிக்குப் போடுற ஊசிக்கு வேற ஆளா?

எழிலரசி: அவுரு கெடக்குறாரு, ஊசின்னா பயம். நீ என்னுத எழுதிக்கோ. ஏழு... மழை வந்தா எட்டு. போன தடவையும் அதான். டாக்டர்கிட்ட என்ன மன்னிச்சிக்க சொல்லும்மா.

பிரிசில்லா: மன்னிப்பா? நீங்க உண்மைய சொன்னதே அவருக்குப் பெரிய உதவிக்கா. சரி... ஆக, ரெண்டு பேருக்கும் ஏழு.

மதியழகன்: இரும்மா, என்னுத அடிச்சிடு... ஊசி போட்ட மாசமே எனக்கு வலி போய்டுச்சு, உங்களுக்கெல்லாம் கோடி புண்ணியம். இவ வாயத் தொறக்க மாட்டா, அடுத்த ஊசி என் பேர்ல வந்தா இவள அனுப்பிடலாம்னுதான் இவளோட ஏழ நான் சொன்னேன். வீட்டுல நொண்டினது கூட, எனக்கு சரியானது இவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்... எனக்குதாம்மா பூஜ்யம்.