வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு காலு

அதான் சொல்றேன்ல மதாரு பாய், ஆளு வரும், அவசரப்படாதீக. நீங்க பாட்டுக்கு மூங்கிப் பத்தையைச் சீவுங்க. முட்டையா? பத்து வாங்கியாந்திருக்கேன். எலும்புக் கட்டுக்கு வெள்ளக்கரு பத்தலைன்னு எந்தக் காலத்துல வச்சேன் உங்களுக்கு?

பதினாலு வருசமா இந்தத் தேவிபட்டினத்துல கூத்தையா முதலாளிக்காக எத்தனை காலு ஒடிச்சிருப்பான் இந்த இருளாண்டி! ஒண்ணாவது நொறுங்கிப்போயி வந்திருக்கா? முழங்காலுக்குக் கீழ ஒரே போடு, கரும்பு முறிஞ்ச கணக்கா. பொறவு நானே மாட்டுவண்டியில தூக்கிப்போட்டுக் கொண்டாந்து, நீங்க இழுத்துக் கட்டுறப்பத் தோளையும் அமுக்கிப் பிடிப்பேன். சின்னச்சாமி காலு கூடினதும் மகளுக்குக் காதுகுத்துன்னு எனக்குப் பத்திரிகை வச்சான்ல? மொதப் பந்தியில உக்கார வச்சு, எலையில ஆட்டுக்காலாத் தேடித் தேடி வச்சான், குசும்பன்.

சிரிக்காதீக. இது வேற மாதிரிக் காலு. இந்த வருசம் சிலோன்லருந்து முதலாளிக்குக் கிராம்பு கடத்தியாந்த வள்ளத்துல மூணு மாட்டிக்கிருச்சு. வள்ளம் மணல்ல முட்டுறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ்காரன் வந்து பீடி குடிச்சுக்கிட்டு நிக்கிறான். எவனோ போட்டுக் குடுக்குறான்னு முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏலே இருளாண்டி, எவனா இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் காலை ஒடிக்கணும், இல்லாட்டி ஒன் காலுன்னுட்டாரு. இன்னிக்கு வியாழன்ல?

கண்டுபிடிச்சேனாவா? கண்டுபிடிக்காமயா முட்டை வாங்கியாந்தேன்!

ஏன் போட்டுக் குடுத்தானா... போன ஆடியில, நம்ம வள்ளத்துல மூட்டை எறக்குற பஞ்சம்மா வீட்டுக்காரரு காலை ஒடிச்சுக் கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா? கிராம்பு மூட்டை நாலு திருடிட்டாருன்னு முதலாளி சொன்னாரு, ஒடிச்சேன். நீங்களும் ரெண்டு தடவை பிரிச்சுக் கட்டுனீக, கூடலை. மூட்டை எங்க இருந்துச்சு தெரியுமா? முதலாளி மச்சினன் வீட்டு வைக்கப்போருக்குள்ள. ஓடிப்போயிச் சொன்னேன். சரி விடுறா, ஒடிச்ச காலை இனி என்ன செய்யன்னு வெத்தலை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. அந்த மனுசன் இன்னமும் என்னைக் கண்டா, நொண்டிக்கிட்டே வந்து, தம்பி சாப்பிட்டியான்னு கேக்காரு பாய். செருப்பால அடிச்சாக்கூடத் தேவலை.

ம்... துணி கிழிச்சாச்சா? உளுந்த மாவைக் கொழைங்க.

ஆளு எங்கயா? இந்தா, பலகையில நீட்டியாச்சுல்ல, எடது காலு. என்ன பேய்முழி முழிக்கிறீக? என் காலுதான். போட்டுக் குடுத்தது நான்தான். ஒடியலையேன்னா? ஒடியலைன்னு வெளிய தெரியாமக் கட்டத்தான் உங்ககிட்ட வந்தேன்.

முதலாளிக்கு அப்பவே ஆளு விட்டுச் சொல்லியாச்சு. போட்டுக் குடுத்தவனைப் பிடிச்சேன், எவனோ வெளியூரான், துடுப்பால என் காலை ஒடிச்சுட்டு ராமேசுவரம் ஓடித் தலைமன்னார் கப்பல் ஏறிட்டான்னு. பாவம், மனசு எளகி, ரெண்டு கோழி குடுத்துவிடுறேன்னிருக்காரு. ஒண்ணு உங்களுக்கு.

இறுக்காதீக பாய், நெசமாவே ஒடிஞ்சிரும்!

நாளைக்குப் பெரிய வள்ளம் வருது. முதலாளி, மச்சினன், எல்லாருமே கரைக்கு வாராக. நொண்டிப் பயலை யாரு கூப்பிடப்போறா? நீங்க ஜும்மாவுக்குப் போயிட்டு வாங்க, நான் இங்கனயே படுத்துக் கெடக்கேன். ஞாயித்துக்கிழமை கட்டைப் பிரிச்சாப் போதும். கஸ்டம்ஸ்காரவுக அதுக்குள்ள எல்லாரையும் ஏத்திட்டுப் போயிருவாக, எந்நேரம் வரணும்னு சொல்லிட்டுத்தான் வாரேன்.