மலைக்காரரின் ஒன்றரை மில்லி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தையற்கடை அண்ணன் அவர்களே, சங்கத்தின் செயலாளரும் வேதியியல் ஆசிரியையுமான அம்மா அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக அமர்ந்திருக்கும், மறைந்த நம் தலைவரின் துணைவியாரான அண்ணியார் அவர்களே, அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, சனிக்கிழமை முழுவதும் பசையும் பெயின்டுமாக வீட்டில் திட்டு வாங்கிவிட்டு ஞாயிறு காலை பலகையைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிப்படி ஏறும் சங்கத்து நண்பர்களே, அவர்களைத் திட்டியே களைத்துப்போன வீட்டாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சிறு ரயில் சங்கத்தின் தலைவர், மலைக்காரர் என்று நாம் அன்போடு அழைத்த பெருமகனார், பத்து நாளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மறைந்தார். பல் செட் கட்டுவது அவர் தொழில். "பிளாஸ்டர் இறுகட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம். பிளாஸ்டர் இறுகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள் அவர் அன்பைப் பற்றிச் சொன்னார்கள், பொறுமையைப் பற்றிச் சொன்னார்கள். நான் எதைப் பற்றிச் சொல்வது? பதினோரு வருஷம் அவருக்குத் துணைத் தலைவராக இருந்தவன் நான். அந்தப் பதினோரு வருஷமும் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். இந்த மண்டபத்தில் அது தெரியாதவர் யாராவது உண்டா? கை தூக்க வேண்டாம். நம் சங்கத்துக்கு இன்று முதல்முறையாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வேலை இதுதான். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு மீட்டர் நீளப் பலகை, அதற்கு நான்கு கால்கள். அதன்மேல் தண்டவாளம் பதித்து, அவரவர் விருப்பப்படி வயலோ ஆறோ தெருவோ வீட்டில் வைத்துச் செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பலகைகளையும் இங்கே வரிசையாகச் சேர்த்து வண்டி விடுவோம். பத்துப் பேரின் தண்டவாளமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதால் சங்கத்தில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: தரையிலிருந்து தண்டவாளம் வரை சரியாக ஒரு மீட்டர் உயரம். பிறகு வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து, இந்த வாரம் எவ்வளவு முன்னேறினோம் என்று சொல்வோம். செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதுவார். ஒரே ஒரு மரம் நட்டிருந்தாலும் எழுதுவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மாதமாகப் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூழாக்கி நான் செய்த குன்றைப் பற்றி எழுந்து பேசிக்கொண்டிருந்தேன். பேசி உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த இவர் எழுந்தார். பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் கொஞ்சம் மிஞ்சியது, அதில் ஏதோ செய்து பார்த்தேன் என்று கூச்சப்பட்டுக்கொண்டே துணியை விலக்கினார். மலை! பாறை வெடிப்பும், மழை அரித்த பள்ளமும், அடிவாரத்தில் கருகிய குகை வாயுமாக ஒரு முழு மலை! எத்தனை நாள் ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். ரெண்டு சனிக்கிழமை என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே! அன்றுமுதல் அவர் பெயர் மலைக்காரர். என் குன்றின்மேல் அன்று யாரோ தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் அவரைத் தலைவராக்கினீர்கள். நான் அப்போதே துணைத் தலைவர். முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன், சர்வேயர் என்று பெயரிலேயே அளவுகோலை வைத்திருப்பவன், என்னை விட்டுவிட்டுப் பல் கட்டுகிறவரைத் தலைவராக்கினீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சில வருஷத்தில் அந்தப் பற்களும் போயின. புதுப் பல் யாரிடம் கட்டிக்கொண்டேன்? அவரிடம்தான். அதன்பிறகு பொறாமையில் பல்லைக் கடித்தால்கூட அவர் கட்டிய பல்லைத்தான் கடிக்க வேண்டியிருந்தது. இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருப்பதும் அந்தப் பல்தான். பதினாறாவது வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கிறது என்றால் அந்தப் பெருமையும் அவருக்கே போகிறது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் அவரை வென்றிருந்தேன். இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சங்கத்தில் நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

வரிசையில் கடைசிப் பலகை என்னுடையது. நான்கு நடைமேடை, ஒவ்வொரு சன்னலிலும் விளக்கு, மணி பார்க்கக் கடிகாரம் என்று, குன்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் பலகையில் செய்த ஒரு பெரிய ஸ்டேஷன். எல்லா வண்டியும் வந்து நிற்கும் இடம் அது. அதற்கு முந்தைய பலகை மலைக்காரருடையது. அவர் தலைவரான முதல் ஞாயிறுதான் என் ஸ்டேஷனை முதன்முறையாக வரிசையில் சேர்த்தேன். அன்று அவர் குகையிலிருந்து வெளியே வந்த எஞ்சின் என் பலகையின் எல்லையில் இடறி விழுந்தது. நான் உடனே டேப்பை எடுத்து அளந்தேன். என் தண்டவாளம் சரியாக ஒரு மீட்டர். அவருடையது ஒன்றரை மில்லி தாழ்வு. எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார், என் டேப்பையும் பார்த்தார். "சரி சர்வேயர், நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஞாயிறு முதல் எஞ்சின் இடறவில்லை.

விட்டேனா நான்? தலைவர் பலகை ஒன்றரை மில்லி தாழ்வு, துணைத் தலைவர் கண்டுபிடித்துத் திருத்தச் செய்தார் என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். இன்றும் இருக்கிறது, பச்சை அட்டை நோட்டில். வெளியூர் சங்கத்தார் வந்து மலையை வாய்பிளந்து பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று அந்தக் கதையை எடுத்துவிடுவேன். அவர் காதில் விழும்படித்தான் சொல்வேன். அவர் மலையில் ஏதாவது செடியைச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

நான்கு வருஷத்துக்கு முன் குகை வாசலில் ஒரு சின்ன மனிதரைச் செய்து வைத்தார். ஒரு நெல்மணி உயரத்தைக் காட்டிலும் கொஞ்சம்தான் பெரியவர். குனிந்து, கையில் டேப்போடு தரையை அளந்துகொண்டிருப்பார். வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எடுத்துவிடுங்கள் என்று சண்டைக்கே போனேன். அது நீங்கள் இல்லை, யாரோ ஒருவர் அளக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். அன்று இங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர். நடந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

தலைவரின் நினைவாக அவர் வண்டியை ஒரு முறை ஓட்டலாம் என்று முடிவு செய்தோம். அண்ணியாரும் மகளும் அவர் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வரிசையில் சேர்த்தோம். எஞ்சின் எட்டுப் பலகையைக் கடந்து, மலைக்குள் போய், குகையிலிருந்து வெளியே வந்து, என் எல்லையில் இடறி விழுந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு!

நண்பர்களே, அப்போது என் மனத்தில் முதலில் வந்தது துக்கம் அல்ல. சந்தோஷம். வாய்விட்டே சொன்னேன், "பாத்தீங்களா, இவர் பலகை இன்னும் தாழ்வுதான்" என்று. அண்ணியார் நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் போய் மூன்றே நாள் ஆகியிருந்தது.

தையற்கடை அண்ணன் துணி அளக்கும் தன் நீள இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து தண்டவாளத்தின்மேல் வைத்தார். எட்டாவது பலகையும் மலைக்காரர் பலகையும் ஒரே மட்டம். அதற்கும் முந்தையவை எல்லாம் ஒரே மட்டம். என் பலகையில் வைத்தபோதுதான் ஸ்கேல் தூக்கிக்கொண்டு நின்றது. பத்தில் ஒன்பது சரி, ஒன்று உயரம். அந்த ஒன்று யாருடையது? முப்பத்தொரு வருஷம் அளந்தே பிழைத்தவனுடையது!

அண்ணியார் கைப்பையைத் திறந்து இரண்டு சின்னத் துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். பல் செட்டில் ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பொருள். பலகைக் கால் உட்காருகிற அளவுக்கு வெட்டி, பளபளவென்று தேய்த்தது. கனம் ஒன்றரை மில்லி.

"ஞாயித்துக்கிழமை இதைச் சட்டைப் பையில போட்டுக்காம கெளம்ப மாட்டார். உங்க பக்கத்துல இருக்கற ரெண்டு காலுக்கும் அடியில வைப்பாராம். இன்னிக்கு எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியல" என்றார்.

தலைவர் எல்லோருக்கும் முன்பே வந்து கதவைத் திறக்கிறார், என்ன கடமையுணர்ச்சி என்று நாம் வருஷா வருஷம் ஆண்டு விழாவில் பாராட்டவில்லையா? கடமையுணர்ச்சியாம்! நான் வருவதற்குள் குனிந்து, தன் பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, என் தவறுக்குச் சமமாக்கி வைப்பதற்குத்தான் அவர் முதலில் வந்தார். என் பலகை கடைசிப் பலகை. அது வேறு யாரையும் தொடவில்லை. அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

சர்வேயரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அண்ணியார் ஒரு நாள் சமையலறையில் வைத்துக் கேட்டாராம். அதற்கு அவர் சொன்ன பதிலை அண்ணியார் சொன்னபடியே சொல்கிறேன்.

"அந்தாளுகிட்ட சொன்னா பலகையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. அப்புறம் என் வண்டி எங்க போய் நிக்கும்? ஸ்டேஷன்னா அதான் ஸ்டேஷன். நான் தலைகீழா நின்னாலும் அப்படி ஒண்ணு எனக்கு வராது."

கேட்டீர்களா? எனக்கு வராது என்று அவர் சொல்லியிருக்கிறார்! இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலியில் காத்துக்கிடந்தேன்! சன்னல் சன்னலாக விளக்குப் போட்டேனே, யாருக்காகப் போட்டேன்? அவர் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்றுதான். சொல்லித்தான் இருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, சமையலறையில் சொல்லியிருக்கிறார். அண்ணியார் மன்னிக்க வேண்டும், உங்கள் சமையலறைச் சுவரைப் பார்த்தும் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.

அன்று எல்லோரும் போனபின் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக் குகை வாசலில் இருந்த அந்தச் சின்ன மனிதரைப் பார்த்தேன். அவர் கையிலிருக்கும் டேப் நூல் கனம்கூட இல்லை. அதன் முனையில் இருக்கும் கொக்கி கொஞ்சம் வளைந்திருந்தது. வீட்டுக்குப் போய் என் டேப்பை எடுத்துப் பார்த்தேன். எப்போதோ ஏணியிலிருந்து விழுந்தது, முனைக் கொக்கி வளைந்திருக்கிறது. தரையில் ஊன்றினால் ஒன்றரை மில்லி மேலே தூக்கி நிற்கிறது. முதல் நாளே குனிந்து டேப்பைப் பார்த்தவர் அதைக் கண்டுகொண்டிருக்கிறார். ஏழு வருஷம் பொறுத்துவிட்டு, குகை வாசலில் ஆளாகவே செய்து வைத்துக் காட்டியிருக்கிறார். நான் ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா? எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தலைவராக அறிவிக்கப் போவதாக நிர்வாகக் குழு நேற்று முன்தினம் சொன்னது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது வேண்டும். இதோ காலியாக இருக்கும் அந்த நாற்காலியை எத்தனையோ முறை கண்ணாலேயே அளந்திருக்கிறேன். ஆனால் பச்சை நோட்டில் அந்த வரி இருக்கும்வரை நான் அதில் உட்கார மாட்டேன். முதலில் அதைத் திருத்துங்கள். திருத்தியபிறகும் நான்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். தோன்றாவிட்டால், பத்தாவது பலகைக்காரனாக வருகிறேன். எப்படியும் வருவேன். இனி ஞாயிறுதோறும் முதலில் வந்து கதவைத் திறக்கிறவன் நானாக இருப்பேன். இதை மலைக்காரர் படத்தின் முன் நின்று உறுதி சொல்கிறேன்.

அந்த இரண்டு துண்டுகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று செயலாளர் கேட்டார். தர மாட்டேன். அண்ணியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை ஞாயிறும் என் பக்கத்துக் காலுக்கு அடியில் மட்டுமே இருந்த பொருள் அது. சட்டைப் பையில் இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை. நானும் வேலை செய்தேன். என் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு காலையும் அரத்தால் ராவினேன். காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ராவினேன். என் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் தேய்த்து என்னதான் மாறியது என்று கேட்டாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றேன்.

அம்மா, குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொள்ளுங்கள். சர்வேயரின் இந்த வார முன்னேற்றம்: ஒன்றரை மில்லி இறங்கினார்.

இப்போது வண்டியை விடுங்கள். அடியில் எதுவும் வைக்க வேண்டாம்.