பையன் கையில் தின்ன குருவி

— சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். ஜன்னல் கண்ணாடியில மோதிச் செத்தது நம்ம பையனோட குருவி இல்ல.

— உங்க நாக்கு அழுகுறதா இருந்தா கல்யாணத்தன்னிக்கே அழுகியிருக்கணுங்க. கையை விரிங்க, நான் பாக்குறேன்.

— செத்ததை எதுக்கும்மா பாக்குற? தீனித் தட்டுக்கு வர்ற குருவி எல்லாம் உனக்கு ஒரே அச்சு. எனக்கு அப்படியில்ல. இதுக்குக் கன்னம் பழுப்பு. பையன் உள்ளங்கையில ஏறித் தின்ன குருவி இருக்கானே, அவனுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு. புருவம் எழுதின மாதிரி இருக்கும்.

— போன வருஷம் தொண்டையில கறுப்புத் திட்டுன்னு சொன்னீங்க.

— இருந்துச்சு. நரைச்சுப் போச்சு. என் மீசை நரைக்கலையா?

— குருவிக்கு நரைக்குமாங்க?

— கவலைப்பட்டா நரைக்கும். பையன் செத்த மறுநாள் தட்டு ஓரத்துல உட்கார்ந்து ஒரு மணியும் தொடாம இருந்தானே, அன்னிக்கே பாதி நரைச்சுட்டான்.

— ம்.

— அவன் நடத்தையே வேற. கம்பு போட்டா முறைப்பான். தினைன்னாத்தான் உட்காருவான். தின்னு முடிச்சதும் அலகைத் தட்டு விளிம்புல ரெண்டு பக்கமும் துடைப்பான்.

— எல்லாக் குருவியுந்தான் துடைக்குது.

— இவன் துடைச்சுட்டு உன்னைப் பாப்பான். அன்னிக்கு அடுப்புல பால் பொங்கினப்ப ஜன்னலைக் கொத்திக் கூப்பிட்டது யாரு?

— பால் வழிஞ்சது நல்லா ஞாபகம் இருக்கு. பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தது நீங்க.

— நின்னேன். அவன் கொத்தினப்புறந்தான் பாலைப் பாத்தேன்.

— விளையாடாதீங்க. நம்ம பிள்ளையோட கைச்சூடு பட்ட உயிரு இது ஒண்ணாவது மிச்சம் இருக்குன்னு நெனச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். அதுவும் போயிடுச்சுன்னா சொல்லிடுங்க. தாங்கிக்குவேன்.

— போகலைன்னுதானே சொல்றேன்.

— அப்ப ஏன் கையை மூடியே வச்சிருக்கீங்க? விடிஞ்சதுலேருந்து வெள்ளைக் கோடு ஒண்ணும் இந்தப் பக்கம் வரலையே?

— துக்கத்துல இருப்பான். கூடத் தின்னவன் செத்துக் கிடக்கான், உடனே சாப்பாட்டுக்கு வந்து நிப்பானா? அவனுக்கும் முறை தெரியும்மா... அதோ! கொடிக்கம்பியில பாரு. இறங்குறான்.

— கண்ணு கலங்குது, எனக்குச் சரியாத் தெரியல. கோடு இருக்கா?

— இருக்கு.

— நல்லா உத்துப் பாத்துச் சொல்லுங்க.

— அவனேதாம்மா. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்.

— சரி. தினையைப் போடுங்க, தின்னட்டும். கையில இருக்குறதை அந்தச் செடிக்கு அடியில புதைச்சிடுங்க. அப்புறம்... ஏங்க, பையன் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இந்தக் குருவிங்க மிஞ்சிப்போனா நாலஞ்சு வருஷந்தான் உயிரோட இருக்கும்.