நாற்பத்தொன்றாம் எண் தகடு

“யாரைக் கேட்டு அவர்கிட்ட அதைச் சொன்னீங்க?” என்று டீச்சர் கத்தியபோது, நான் சுவரில் காந்தக் கொக்கி ஒன்றை இடம் மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“பல் செட்டு விஷயத்தை நான் வேற தனியா சொல்லணுமா? அந்த மனுஷன் பல் டாக்டர். நீங்க வாயைத் திறந்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்” என்று நானும் குரலை உயர்த்தினேன்.

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். சொல்றதுக்கு நீங்க யாரு?”

“ஒன்பது வருஷமா அதை டம்ளர்ல போட்டு மூடி வைக்கிறது யாரு? அந்த உரிமையிலதான் சொன்னேன்.”

பக்கத்து அறைக்காரர் இருமினார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் தெளிவாகப் பேசுங்கள் என்பதுபோல இருந்தது அந்த இருமல்.

ஐயா, நீங்கள் கப்பலில் போனதே இல்லை என்றீர்கள். அதனால் சொல்கிறேன், போவதாக இருந்தால் காந்தக் கொக்கி நாலு வாங்கிக்கொள்ளுங்கள். அறைச் சுவரெல்லாம் இரும்பு. ஆணி இறங்காது, கொக்கி ஒட்டும். ஈரத்துண்டு, தொப்பி, கைப்பை எல்லாம் அதில் தொங்கும். இன்னொன்று, அந்தச் சுவர் மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடியே நான் இரண்டு விவாகரத்து, ஒரு மூல ஆபரேஷன், ஒரு உயில் தகராறு எல்லாவற்றையும் முழுசாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் எனக்கு ‘வானொலி’ என்று பெயர். யார் வைத்தார்கள் என்றும் தெரியும். அவர் வீட்டுக் கதையும் தெரியும்.

டீச்சர் எனக்கு எதிர் வீடு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், மகன் வெளியூரில். என்னைவிட மூன்று வயது சின்னவர், அதனால் அக்கா என்பார். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே காய்ந்து போயிருப்பேன். டீச்சர்தான் கதவைத் தட்டி, “கிளம்புங்கக்கா, ரெண்டு பேரா போனா அறை கிடைக்குமாம்” என்றார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு கப்பல். வருஷத்தில் பதினான்கு நாள் நான் உயிரோடு இருப்பேன். மிச்ச நாளெல்லாம் அந்தப் பதினான்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இந்தப் பயணத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், முழங்கால் வலி, காது கொஞ்சம் மந்தம், பறவைப் பைத்தியம். இரண்டாம் நாள் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். நாலாம் நாள் டீச்சரின் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆறாம் நாள் டீச்சர் அவருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். எனக்கு ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தடவியதில்லை. எனக்கு வெண்ணெய் ஆகாது, அது வேறு விஷயம்.

பல் செட்டைப் பற்றிச் சொன்னால் ஆள் கொஞ்சம் தள்ளி உட்காருவார் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துவிட்டு, “செஞ்சவன் கெட்டிக்காரன். என்னாலயே மூணு நாள் கண்டுபிடிக்க முடியல” என்றார். அதையே டீச்சரிடம் போய்ச் சொல்லி அவரையும் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறார். அதில் வந்த சண்டைதான் அந்தக் காலைச் சண்டை. ஒன்பதாம் நாள்.

சண்டையின் முடிவில் டீச்சர் குரலை இறக்கினார். அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, குரலை இறக்கினால்தான் பயம்.

“அக்கா, நானும் அவரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். ஊருக்குப் போனதும் நான் அவர் வீட்டுக்குப் போயிடுவேன். இதுதான் நமக்குக் கடைசிக் கப்பல். நல்லபடியா முடிச்சுக்கலாம்னு பார்த்தேன்.”

கொக்கியில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு தீவுக்குக் கிளம்பினேன். டீச்சர் தலைவலி என்று படுத்துவிட்டார்.

இங்கே அந்தத் தகடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கப்பல்களில் அட்டையைத் தேய்த்து இறங்குவார்கள், ஏறுவார்கள், கணினி பார்த்துக்கொள்ளும். எங்களுடையது எண்பது பேர் போகும் பழைய சின்னக் கப்பல். ஆளில்லாத் தீவுகளுக்கெல்லாம் போகும். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு வட்டத் தகடு. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. இறங்கும்போது உங்கள் தகட்டைச் சிவப்பாகத் திருப்ப வேண்டும். வந்ததும் வெள்ளையாகத் திருப்ப வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால்தான் கப்பல் கிளம்பும். முதல் நாள் கூட்டத்திலேயே சொல்வார்கள், அடுத்தவர் தகட்டைத் தொடாதீர்கள் என்று. புதிதாக வருகிறவர்கள்தான் உதவுகிறேன் என்று புருஷனுடையதையும் சேர்த்துத் திருப்பித் திட்டு வாங்குவார்கள். நான் ஒன்பது பயணத்தில் ஒரு தடவைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை.

தீவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கல்லும் புல்லும், நடுவில் ஒரு குன்று, மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கொண்டுபோய் இறக்கினார்கள். கடைசிப் படகு பன்னிரண்டுக்கு என்றார்கள். டாக்டர் என்னிடம் வந்து, “அவங்க கோபம் தணிஞ்சுதாம்மா?” என்று கேட்டார். குன்றுக்குப் பின்னால் ஒரு பறவை குஞ்சு பொரித்திருக்கிறதாம், அதைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால் டீச்சர் சமாதானமாகிவிடுவார் என்றார். ஒரு வாரப் பழக்கத்தில் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. கேமராவையும் ஃப்ளாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு ஒற்றைக்காலை இழுத்து இழுத்து ஏறிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. வழிகாட்டிப் பெண் ஓடி வந்து, “கடைசிப் படகு பதினொண்ணுக்கே கிளம்புதும்மா. டாக்டர் உங்ககூடதானே வந்தார், அவர்கிட்ட சொல்லிடுறீங்களா?” என்றாள். சொல்கிறேன் என்றேன்.

குன்றின் பாதி வரை போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அவர் குப்புறப் படுத்து ஏதோ ஒரு பொந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், அவர் காதுக்குத்தான் கேட்காது. இன்னும் இருபது அடி போயிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அந்தப் பெண் “டாக்டர் எங்கே?” என்றாள். “முதல் படகுலயே போயிட்டாரே, முழங்கால் வலின்னு” என்றேன். மற்றவர்களை ஏற்றிக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். என்னைப் போலப் பழகின ஆள் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

கப்பலில் ஏறியதும் என் தகட்டைத் திருப்பினேன். பக்கத்து வரிசையில் டாக்டருடைய நாற்பத்தொன்று சிவப்பாக இருந்தது. பலகைக்காரர், அந்தப் பெரிய மீசைக்காரர், மூன்று பெண்களுக்குத் தகப்பன், ஒரு கிழவிக்கு உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்பத்தொன்றையும் திருப்பினேன். சின்னதாகக் கிளிக் என்றது. அவர் வந்து பலகையைப் பார்த்து, எல்லாம் வெள்ளை என்று மேலே சொல்லி அனுப்பினார். நங்கூரம் ஏறியது.

உடனே தெரிந்துவிடும், திரும்பிப் போய் ஏற்றிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். கப்பலை நிறுத்தி வைத்த ஆள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள், நேரத்துக்கு வரத் தெரியாத மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று டீச்சரும் யோசிப்பார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அறைக்குப் போகும் வழியில் எங்கள் கதவில் தொங்கிய ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டையை எடுத்து டாக்டர் அறைக் கதவில் மாட்டினேன். அது ஏன் என்று நீங்கள் முன்பே கேட்டீர்கள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. கை மாட்டியது.

மதியம் பரிமாறுகிறவர் டாக்டரைக் காணோமே என்று கேட்டார். வயிறு சரியில்லை, கூப்பிட வேண்டாம் என்றார் என்றேன். டீச்சர் எழுந்து வந்து, “டாக்டர் எங்கே?” என்று நேராக என்னைப் பார்க்காமல் கேட்டார். “உங்க மேல வருத்தமா இருக்கார். இன்னிக்கு யாரையும் பார்க்க மாட்டேன்னுட்டார்” என்றேன். டீச்சருக்கு ரோஷம் அதிகம். அன்று முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

மறுநாள் காலை அவரே போய்க் கதவைத் தட்டினார். திறந்து பார்த்தால் விரித்த படுக்கை விரித்தபடி இருந்தது.

கேப்டன் எல்லோரையும் கூட்டினார். தகடு வெள்ளையாக இருந்தது, அதனால் ஆள் கப்பலுக்கு வந்துவிட்டார். வந்தவர் இல்லை, அதனால் கடலில் விழுந்திருக்கிறார். அவர்கள் கணக்கு சரிதான். கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தானே எல்லாம் தெரியும்.

“மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். பின்பக்கத் தளத்துல கம்பியைப் பிடிச்சுட்டு தண்ணியைப் பார்த்துட்டு நின்னார்” என்றேன்.

இரண்டு மணி என்றால் தீவிலிருந்து மூன்று மணி நேரத் தூரம். அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் தேடினார்கள். இன்னும் இரண்டு கப்பல், ஒரு விமானம். எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். நானும் மேல்தளத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். தேடும்போது வெயில் கண்ணாடி இருந்தால் நல்லது, அலையின் பளபளப்பு கண்ணைக் கெடுத்துவிடும்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம் என்றுதான் டீச்சரிடம் போனேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அக்கா, நான் கோபப்பட்டதாலதான் குதிச்சுட்டாரா? கம்பியைப் பிடிச்சுட்டு நின்னப்போ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டார். “ஒண்ணும் சொல்லல டீச்சர், சும்மா பார்த்துட்டு இருந்தார்” என்றேன். அந்த இரண்டு நாளும் என்னை விட்டு நகரவில்லை அவர். சாப்பிட வைத்தேன், தலை வாரிவிட்டேன், என் தோளில் சாய்ந்தே தூங்கினார். இனிமே எங்கேயும் போகலைக்கா, உங்களை விட்டா எனக்கு யாரு என்றார். ஐயா, ஒன்பது வருஷத்தில் அந்த இரண்டு நாளைப்போல எனக்கு ஒரு நாள் அமைந்ததில்லை. அதை எப்படிக் கெடுப்பது?

ஐந்து வாரம் கழித்து வேறொரு கப்பல் ஆட்கள் அந்தத் தீவில் இறங்கியபோது டாக்டர் கிடைத்தார். படகு வரும் இடத்தைப் பார்த்தபடி ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்தாராம். கேமராவில் இருந்ததை நீங்கள்தான் காட்டினீர்கள். குஞ்சுகள் பதினொரு படம். பிறகு கப்பல் போவது ஒரு படம், சின்னதாகப் போவது ஒரு படம். பிறகு வெறும் கடல். கடைசிப் படத்தின் தேதி, கப்பல் கிளம்பிய நாலாம் நாள். நாங்கள் தண்ணீரில் தேடிய இரண்டு நாளும் அவர் அங்கே இருந்திருக்கிறார். மழை பெய்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருப்பார். அந்தப் பருவத்தில் அங்கே மழை இருக்காது என்பது போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பலகைக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள். தகட்டைத் திருப்பியது நான். படகு நேரத்தைச் சொல்லாதது நான். கதவில் அட்டை மாட்டியது நான். இரண்டு மணிக்கு நான் யாரையும் பார்க்கவில்லை. அவர் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை, டீச்சர் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

மற்ற விவரமும் கேட்டீர்கள். வழிகாட்டிப் பெண் கப்பல் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு போய்விட்டாள். பரிமாறுகிறவருக்கும் முடிதிருத்தும் அறைப் பெண்ணுக்கும் போன மாதம் கல்யாணம் ஆனது, அந்தக் கதை ஐந்தாம் நாளிலேயே எனக்குத் தெரியும். பலகைக்காரரின் மூத்த பெண்ணுக்குப் பேசிய வரன் தட்டிப்போனதாகச் சொல்கிறார்கள். இனி அமையும்.

டீச்சர் தன் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். கேமரா விஷயம் தெரிந்த அன்று வாசலில் நின்று, “ரெண்டு மணிக்குப் பார்த்தேன்னு சொன்னீங்களேக்கா” என்றார். லாரி வந்த அன்று நான் கதவுக்கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் தலையைத் தூக்கவில்லை. என் வீட்டு மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம்தான் இருக்கும். அதை ஓர் உறையில் போட்டு, மேலே என் பெயரை அந்த அழகான கையெழுத்தில் எழுதி, கதவடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். உறவே வேண்டாம் என்று நினைப்பவர் சாவியைத் தூக்கி எறிந்திருப்பார், இவ்வளவு பதமாக உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.